சிவப்பணுவின் சட்டையில் ஒரு மருந்து

*கட்டியைக் கொல்லும் மருந்து நம்மிடம் இருக்கிறது. அதைக் கட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, உடலின் செல்களையே வண்டியாக்கும் முயற்சி உலகெங்கும் நடக்கிறது. இதில் பெங்களூரு எங்கே நிற்கிறது?*

பெங்களூரு ஓசூர் ரோட்டில், நிமான்ஸ் மனநல மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. 1973இல் தொடங்கியது. கன்னடத்தோடு ராயலசீமைத் தெலுங்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரித் தமிழும் அதன் வாசலில் காதில் விழும். புற்றுநோய்ப் பிரிவுகளில் ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்றைப் பெயர் படிக்காமலே அடையாளம் சொல்லிவிடலாம். டாக்ஸோரூபிசின். அடர் சிவப்பு. ஏற்றிய ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், ரத்தம் போகிறதென்று நோயாளி பதறிவிடுவார்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மார்பகப் புற்றிலும் ரத்தப் புற்றிலும் இதன் இடத்தை வேறு மருந்துகள் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் இதற்கு ஆயுள்கால வரம்பு ஒன்று உண்டு. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தமாக 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான். அதைத் தாண்டினால் இதயத் தசை பழுதாகும் ஆபத்து மளமளவென்று ஏறும். கட்டி கரைந்துகொண்டிருக்கும்போதே, ‘இனி இதைத் தர முடியாது’ என்று டாக்டர் நிறுத்த வேண்டி வருவதும் உண்டு. மருந்துக்குக் கட்டி எது, இதயம் எது என்று தெரியாது. நரம்பில் ஏற்றினால் ரத்தம் போகிற இடமெல்லாம் போகும்.

ஆகவே, புற்றுநோய் மருத்துவத்தின் பெரிய சிக்கல்களில் ஒன்று, புது மருந்து கண்டுபிடிப்பதல்ல. இருக்கிற மருந்தைப் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்புவது. நானோ துகள் இதற்குத்தான் வந்தது.

ஆயிரத்தில் ஏழு

1986இல் ஜப்பானின் குமாமோட்டோவில் யசுஹிரோ மட்சுமுரா, ஹிரோஷி மேடா இருவரும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை, அங்கங்கே இடைவெளி விட்டிருக்கும். பெரிய மூலக்கூறுகள் அந்த இடைவெளி வழியே கசிந்து கட்டிக்குள் போகின்றன. வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்கிவிடுகின்றன. அப்படியானால் மருந்தை நூறு நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து அனுப்பினால், நல்ல குழாய்களில் கசியாமல் கட்டியில் மட்டும் கசியும் அல்லவா? நூறு நானோமீட்டர் என்பது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்த எண்ணத்தில் உருவானதுதான் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில். அதே டாக்ஸோரூபிசின், கொழுப்புக் குமிழுக்குள். இதன் இந்திய வடிவமான சன் ஃபார்மாவின் லிப்போடாக்ஸ் நம் மருத்துவமனைகளில் சகஜம். 2012இல் டாக்ஸிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவே தற்காலிக அனுமதி கொடுத்து லிப்போடாக்ஸை இறக்குமதி செய்தது. இந்தத் துறையில் இந்தியா வேடிக்கை பார்த்த நாடல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குமிழால் இதயம் பெருமளவு தப்பியது, உண்மை. ஆனால் கட்டியை அழிக்கும் வேகம் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. ஏன் என்பதற்கு 2016இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து ஒரு கணக்கு வந்தது. வாரன் சானின் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த நானோ துகள் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, ஊசியில் ஏற்றிய துகள்களில் எத்தனை கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தது. இடைநிலை அளவு 0.7 சதவீதம். ஒட்டன்சத்திரத்தில் ஆயிரம் மூட்டை ஏற்றினால் கோயம்பேட்டில் இறங்குவது ஏழு மூட்டை. இதுவும் எலியில் கிடைத்த கணக்கு.

மீதி எங்கே? பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும். ரத்தத்தில் அந்நியப் பொருள் ஏதாவது வந்தால், சில நிமிடங்களிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் அப்பிக்கொள்ளும். அந்த அப்பலைப் பார்த்ததும் கல்லீரலில் காவலிருக்கும் விழுங்கு செல்கள் பிடித்து விழுங்கிவிடும். கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடுதான் இது. கெடுதல் செய்ய வந்ததா, நல்லது செய்ய வந்ததா என்று அது விசாரிப்பதில்லை.

இதை ஏமாற்ற, துகளின்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழுக்கும் பூச்சைப் பூசினார்கள். சுருக்கமாகப் பெக். டாக்ஸிலில் இருப்பதும் அதுதான். சில காலம் வேலை செய்தது. ஆனால் பெக்குக்கு எதிராகவே உடல் எதிர்ப்புரதம் தயாரிக்கக் கற்றுக்கொள்கிறது என்பது பிறகு தெரிய வந்தது. இரண்டாவது டோஸ் முதல் டோஸைவிடச் சீக்கிரமாகவே காணாமல் போவது ஆய்வுகளில் தெரிந்தது.

பேய்ச் செல்

செயற்கைப் பூச்சு எதைப் பூசினாலும் காவல்காரன் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான். அப்படியானால் காவல்காரன் தினமும் பார்த்துச் சும்மா விடுகிற ஆள் யார்?

சிவப்பணு. சுமார் 120 நாள் ரத்தத்தில் ஓடுகிறது. திரும்பத் திரும்பக் கல்லீரல் வழியாகப் போகிறது, யாரும் தொடுவதில்லை. அதன் மேற்சவ்வில் சிடி47 என்றொரு புரதம் இருக்கிறது. ‘நான் நம்ம ஆள், என்னைத் தின்னாதே’ என்று விழுங்கு செல்லிடம் சொல்வது அதுதான். அமெரிக்காவின் சான் டியாகோவில் லியாங்ஃபாங் ஜாங்கின் குழு 2011இல் செய்த காரியம் கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். சிவப்பணுவின் சவ்வை அப்படியே உரித்து நானோ துகளுக்குப் போட்டுவிட்டது.

எப்படி உரிப்பது? செய்முறையில் பெரிய மந்திரமில்லை. ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்து, உப்புக் குறைந்த நீரில் விடுகிறார்கள். செல்லுக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. தண்ணீர் உள்ளே பாய்கிறது. செல் ஊதிப் பெருத்து வெடிக்கிறது. ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. குழாயை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவுகிறார்கள். கழுவக் கழுவ அடியில் படிவது சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, கடைசியில் வெளிறிப்போன ஒரு மெல்லிய படிவமாக மிஞ்சும். ஆய்வகத்தில் இதற்குப் பெயரே பேய்ச் செல். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். அதைப் பிளாஸ்டிக் துகளோடு கலந்து, நூறு நானோமீட்டர் துளைகள் கொண்ட ஒரு சவ்வின் இரு பக்கமும் கண்ணாடி சிரிஞ்சு பொருத்தி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமென்று மாற்றி மாற்றித் தள்ளுகிறார்கள். நெருக்கடியில் தோல் கிழிந்து, துகளைச் சுற்றி மறுபடி மூடிக்கொள்கிறது. உள்ளே மக்கும் பிளாஸ்டிக் உருண்டை, வெளியே சிவப்பணு.

எலிகளின் ரத்தத்தில் இந்தத் துகளின் அரை ஆயுள் 39.6 மணி நேரம் என்று கணித்தார்கள். பெக் பூசிய துகளுக்கு 15.8 மணி நேரம்.

அதன்பின் ஆளாளுக்கு ஒரு சட்டை தைக்கத் தொடங்கினார்கள். வெள்ளையணுச் சவ்வு போர்த்திய சிலிக்கன் துகள் 2013இல் வந்தது. புண்பட்ட ரத்தக்குழாயில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ள தட்டணுவின் சவ்வை ஜாங்கின் குழுவே 2015இல் பயன்படுத்தியது. புற்றுநோய்ச் செல்லின் சவ்வையே எடுத்துப் போர்த்தினால், ஒரே வகைச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்பால் துகள் கட்டியைப் பற்றிக்கொள்ளுமா என்றும் பார்த்தார்கள், ஓரளவு பற்றியது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் இதைப் பிரிப்பதில்லை. ரத்தத்தில் பிடிபடாமல் பிழைத்திருப்பது ஒரு வேலை. கட்டிக்குள் நுழைவது வேறு வேலை. சிவப்பணுச் சட்டை முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சிவப்பணுவுக்கே ரத்தக்குழாயை விட்டு வெளியேறும் வேலையில்லையே. இதற்கு மேல், சானின் குழு 2020இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டு மேடாவின் இடைவெளிக் கதையையே ஆட்டிவிட்டது. கட்டிக்குள் போகும் துகள்களில் 97 சதவீதம் வரை இடைவெளியில் கசிந்து போவதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களே அவற்றை வாங்கி உள்ளே கடத்துகின்றன என்றது அது. அது சரியென்றால், கட்டியின் வாசலில் ஓட்டை தேடிப் பயனில்லை, வாசல்காரனைப் பிடிக்க வேண்டும்.

உயிருள்ள வண்டி

தோலை உரித்து மாட்டுவதற்குப் பதில், உயிருள்ள செல்லிடமே மருந்தைக் கொடுத்து அனுப்பினால் என்ன?

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு இதற்கு நல்ல ஆள். எலும்பு மஜ்ஜை தினமும் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. எங்காவது அழற்சி என்றால் முதலில் ஓடுவது அதுதான். குழாய்ச் சுவரைத் துளைத்துத் திசுவுக்குள் இறங்கத் தெரியும். எதிரில் வந்ததை விழுங்கவும் தெரியும். சிவப்பணுவுக்கு இல்லாத இரண்டு திறமையும் இதற்கு உண்டு.

சீனாவின் நான்ஜிங்கில் 2017இல் செய்த சோதனை இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கிளியோமா என்ற மூளைக் கட்டியை அறுவை செய்து எடுத்தாலும் ஓரத்தில் தங்கிய செல்களிலிருந்து அது திரும்ப வளரும். மருந்து கொடுக்கலாமென்றால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. ஆனால் அறுவையே ஒரு காயம்தான். காயம் அழற்சியை உண்டாக்கும். அழற்சி நியூட்ரோஃபிலைக் கூப்பிடும். நியூட்ரோஃபிலுக்கு அந்தத் தடுப்பைத் தாண்டத் தெரியும். பேக்ளிடாக்ஸெல் மருந்தடைத்த கொழுப்புக் குமிழ்களை நியூட்ரோஃபில்களுக்கு ஊட்டி, அறுவை முடிந்த எலிகளுக்கு ஏற்றினார்கள். அவை காயத்தைத் தேடிப் போயின. அங்கே அழற்சியின் உச்சத்தில் நியூட்ரோஃபில் தன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டிவிடும், மருந்தும் கொட்டியது. கட்டி திரும்புவது தள்ளிப்போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. டாக்டரின் கத்தியே முகவரி எழுதிக் கொடுக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்றால் இது.

உடனே ஒரு தடை சொல்ல வேண்டும். எலிகளுக்குப் புற்றுநோயை நாம் எத்தனையோ முறை குணப்படுத்தியாயிற்று.

மும்பையில் வேதிப்பொறியியல் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் சமீர் மித்ரகோத்ரி வேறு கோணத்தில் வந்தார். வெள்ளையணுவுக்கு மருந்தை ஊட்டினால் அது செரித்துவிடுகிறது. எனவே அதன் முதுகில், விழுங்க முடியாத தட்டையான ஒரு வட்டைப் பையாக ஒட்டிவிட்டார். சிவப்பணுவிலும் அவர் துகளை ஒட்ட வைத்திருக்கிறார். ஊசி போட்ட இடத்துக்கு அடுத்து வரும் முதல் நுண்குழாய் வலையில் சிவப்பணு நெருக்கியடித்துப் போகும்போது, ஒட்டிய துகள் உரசி உதிர்ந்துவிடும். கை நரம்பில் ஏற்றினால் அந்த முதல் வலை நுரையீரல். அங்கே பரவிய கட்டிகளுக்கு எதிராக எலிகளில் பலன் தெரிந்தது.

பெங்களூரில் இந்த வழியில் நடப்பவர் சித்தார்த் ஜுன்ஜுன்வாலா. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்ப்பொறியியல் துறையில் அவருடைய ஆய்வகம் நியூட்ரோஃபில் போன்ற விழுங்கு செல்களும் துகள்களும் சந்தித்தால் என்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கிறது. துகளின் அளவு மாறினால் எந்தச் செல் விழுங்கும்? வயிறு நிறையத் துகளோடு இருக்கும் செல் வழக்கம்போல் நகருமா, சண்டை போடுமா? தலைப்புச் செய்தியாகிற கேள்விகள் இல்லை. ஆனால் இவற்றுக்குப் பதில் தெரியாமல் வண்டி கிளப்பினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸோசோம்: தபால்காரனா, எதிரியின் ஆளா?

செல்லைவிடச் சிறிய இயற்கை வண்டி ஒன்றும் இருக்கிறது. 1980களில் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன், முதிராத செம்மறியாட்டுச் சிவப்பணுக்கள் சின்னச் சின்னக் குமிழ்களை வெளியே துப்புவதைப் பார்த்தார். செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டாலின் குழுவும் அதே காலத்தில் எலிச் செல்களில் பார்த்தது. செல் தனக்கு வேண்டாததை வெளியேற்றும் குப்பை என்றே பலரும் நினைத்தார்கள். 1987இல் ஜான்ஸ்டன் எக்ஸோசோம் என்று பெயர் வைத்தார். குப்பையில்லை, ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதமும் ஆர்என்ஏவும் அதில் இருக்கின்றன என்று புரிய இன்னும் இருபதாண்டு ஆயிற்று. 30 முதல் 150 நானோமீட்டர். மருந்து நிறுவனம் திட்டம்போட்டுச் செய்ய நினைக்கும் அளவை உடல் தானாகவே செய்து வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இந்திய வம்சாவளியினரான ரகு கல்லூரி, 2017இல் இதைக் கணையப் புற்றுக்கு எதிராகத் திருப்பினார். கணையப் புற்றின் முடுக்கியான கேராஸ் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வை அடக்கும் ஆர்என்ஏயை எக்ஸோசோமில் ஏற்றி எலிகளுக்குக் கொடுத்ததில் கட்டி ஒடுங்கியது. மனிதர்களிடமும் முதல்கட்டச் சோதனை தொடங்கியது.

ஆனால் இந்தத் தபால்காரனை நம்புமுன் நியூயார்க்கின் டேவிட் லைடன் கண்டுபிடித்ததையும் கேட்க வேண்டும். கட்டியும் எக்ஸோசோம் அனுப்புகிறது, அதுவும் மூட்டை மூட்டையாக. 2015இல் அவர் காட்டியது இது: கட்டி அனுப்பும் எக்ஸோசோம்கள் முன்னதாகவே நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய், பின்னால் வரப்போகும் புற்றுச் செல்களுக்கு இடம் தயார் செய்கின்றன. எந்த உறுப்புக்குப் போவது என்பதை அவற்றின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் தீர்மானிக்கின்றன. முகவரி கண்டுபிடிக்கும் திறமைக்காக நாம் யாரைக் கூலிக்கு வைக்க நினைக்கிறோமோ, அவன் ஏற்கெனவே எதிரியிடம் சம்பளம் வாங்குகிறவன். எந்தச் செல்லிலிருந்து எடுத்த எக்ஸோசோம் என்பது ஆகவே உயிர் போகிற கேள்வி.

டாடா இன்ஸ்டிட்யூட்டின் திருகாணி

இந்திய அறிவியல் கழகம் என்றால் பெங்களூரு ஆட்டோக்காரர் பலருக்குச் சட்டென்று புரியாது. டாடா இன்ஸ்டிட்யூட் என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். 1909இல் தொடங்கிய அந்த வளாகத்தின் நானோ அறிவியல் மையத்தில் அம்பரீஷ் கோஷின் ஆய்வகம் இருக்கிறது. அவர் செய்வது செல்லிலிருந்து எடுத்த வண்டியல்ல. கண்ணாடிப் பொருளான சிலிக்காவில் செய்த திருகாணி. சில மைக்ரோமீட்டர் நீளம், சிறிது இரும்பு கலந்தது. வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் திருகாணி சுழன்று முன்னேறும். ஹார்வர்டில் இருந்தபோது பீர் ஃபிஷரோடு சேர்ந்து 2009இல் இதைச் செய்துகாட்டினார்.

பத்திரிகைகள் நானோ ரோபோ என்று எழுதிய உற்சாகத்தில், அதற்குப் பின் பெங்களூரில் நடந்த பொறுமையான வேலை மறைந்துபோனது. முதலில், மனித ரத்தத்தில் இது நீந்துமா? உப்பும் புரதமும் நிறைந்த ரத்தத்தில் இரும்பு அரித்துவிடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபெரைட் பூச்சுப் பூசி 2014இல் ரத்தத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 2018இல் உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஓட்டினார்கள்.

2020இல் வந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். உயிரியலாளர்கள் தீபக் சைனி, ராம்ராய் பட் இருவரோடும் சேர்ந்து, புற்றுச் செல்களையும் நல்ல செல்களையும் வைத்து ஆய்வகத்தில் முப்பரிமாணக் கட்டி மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். அதற்குள் திருகாணிகளை ஓட்டியபோது, புற்றுச் செல்லை நெருங்க நெருங்க அவை சிக்கிக்கொண்டன. நல்ல செல்களின் அருகே அப்படிச் சிக்கவில்லை. காரணம் தேடியதில், புற்றுச் செல் தன்னைச் சுற்றியுள்ள திசு வலையை மாற்றியமைத்திருப்பது தெரிந்தது. ஒருவகை சயாலிக் அமிலம் அங்கே கூடி, அந்த இடத்தின் மின்னூட்டத்தையே மாற்றியிருந்தது. கட்டியின் கடைசிச் சில மைக்ரோமீட்டர்களில் என்ன நடக்கிறது என்பதை ஒரு துகள் உள்ளேயே போய் அளந்து சொன்னது. சிவப்பணுச் சட்டைக்காரர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

அதே வளாகத்தில் கரிம வேதியியல் பேராசிரியர் என்.ஜெயராமன் குழு, செல்லைக்கூட நம்பாமல் ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் புரதத்தின்மேல் ஏறிக்கொண்டது. பல புற்றுச் செல்களின் மேற்பரப்பில் தெரியும் ஒரு சர்க்கரை அடையாளத்தின் செயற்கை வடிவத்தைச் செய்து, அது ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேரும்படி வடிவமைத்தார்கள். அங்கே எதிர்ப்புரதம் உற்பத்தியாகத் தூண்டுகிறது. 2024இல் வெளிவந்த இந்த ஆய்வும் எலி அளவில்தான் நிற்கிறது. தங்கமும் தாமிர சல்ஃபைடும் சேர்த்து எட்டு நானோமீட்டருக்கும் குறைவான துகள் செய்து, ஒளி பட்டால் சூடாகிப் புற்றுச் செல்லைக் கொல்லும்படி 2023இல் இங்கே ஒரு குழு செய்தது. அதை ஆய்வகச் செல்களில்தான் சோதித்தார்கள்.

நகரத்தின் வடக்கே, ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயிர் அறிவியல் மையமான என்சிபிஎஸ்ஸிலிருந்து கிளம்பிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் படித்து, டாடா இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய யமுனா கிருஷ்ணன், என்சிபிஎஸ்ஸில் டிஎன்ஏயை மரபுப் பொருளாகப் பார்க்காமல் கட்டடப் பொருளாகப் பார்த்தார். உயிருள்ள செல்லின் உள்ளறைகளில் அமிலத்தன்மையை அளக்கும் டிஎன்ஏ நானோ கருவியை 2009இல் செய்தார். அந்தக் கருவியைச் செல்லுக்குள் எப்படி நுழைத்தார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நுழைக்கவேயில்லை. விழுங்கு செல்களின் மேற்பரப்பில், எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏ போன்றவற்றைப் பொறுக்கி உள்ளே இழுக்கும் வாங்கிகள் இருக்கின்றன. அவை தாமாக இழுத்துக்கொண்டன. இழுத்ததை நேரே செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குக் கொண்டுபோயின.

2014இல் அவர் சிகாகோ போனார். அங்கே லெவ் பெக்கர் குழுவோடு 2021இல் வெளியிட்டதுதான் அந்த வேலையின் புற்றுநோய்ப் பலன். கட்டிக்குள் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், புற்றுச் செல்லின் துண்டுகளை எடுத்து எதிர்ப்புப் படைக்குக் காட்ட வேண்டியவை. அவற்றின் லைசோசோமில் நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்து அந்தத் துண்டுகளை அழித்துவிடுகின்றன. சாட்சியம் அங்கேயே காணாமல் போகிறது. நொதியைத் தடுக்கும் மருந்தை டிஎன்ஏ கருவியில் கட்டி அனுப்பினார்கள். மேக்ரோஃபேஜ் அதை வழக்கம்போல் பொறுக்கி, வழக்கமான அறைக்குக் கொண்டுபோனது. சாட்சியம் தப்பியது, எலிகளின் கட்டி வளர்ச்சி மட்டுப்பட்டது. கட்டிக்குள்ளேயே இருக்கும் செல்லை அதன் இயல்பான பழக்கத்தாலேயே நமக்கு வேலை செய்ய வைத்தது இது. வெளியிலிருந்து வண்டி அனுப்புவதைவிட இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பணம் தீர்ந்த இடங்கள்

விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்திருந்தால் மருந்து ஏன் கடைக்கு வரவில்லை?

பிரான்சின் எரிடெக் நிறுவனம் சிவப்பணுவுக்குள் அஸ்பரஜினேஸ் என்ற நொதியை அடைத்து, கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஐநூறுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுள் கூடவில்லை என்று 2021இல் தெரிந்தது. ரகு கல்லூரியும் சேர்ந்து தொடங்கிய எக்ஸோசோம் நிறுவனமான கோடியாக், பங்குச் சந்தைக்கு வந்து மூன்றாண்டு முடிவதற்குள் 2023இல் திவாலானது. இவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் அல்ல. உடலின் சரக்கை மருந்துச் சரக்காக மாற்றுவது அவ்வளவு கடினம்.

மாத்திரை என்றால் லட்சத்தில் ஒன்றை எடுத்துச் சோதித்தாலும் மற்றதும் அதுவேதான். ஒருவரின் ரத்தத்திலிருந்து உரித்த சவ்வும் இன்னொருவருடையதும் ஒன்றல்ல. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், தானம் கொடுத்தவருக்குத் தொற்று இருக்கக் கூடாது. எக்ஸோசோமைப் பிரிக்க, புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். லிட்டர் கணக்கில் செல் வளர்த்த திரவத்தைச் சுற்றினாலும் கடைசியில் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொட்டு மிஞ்சும். அந்தப் பொட்டில் எது எக்ஸோசோம், எது ஒட்டிவந்த புரதம் என்பதற்கு இந்தத் துறை ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிகாட்டுதல் எழுதியிருக்கிறது. தரம் எது என்பதிலேயே பேச்சு முடியவில்லை.

இந்த வகைச் சிகிச்சையை இந்தியாவில் செய்ய முடியுமா என்று கேட்டால், பாதி பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நோயாளியின் டி செல்லை எடுத்து, மரபணு மாற்றி, திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சை இதற்கு நெருங்கிய சொந்தம். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் என்றார்கள். அமெரிக்காவில் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவு. பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷாவும் சித்தார்த்த முகர்ஜியும் சேர்ந்து நிறுவிய இம்யூனீல், 2025 தொடக்கத்தில் கார்டெமி என்ற கார்-டி சிகிச்சையை வெளியிட்டது. அதே நகரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ், தானச் செல்லிலிருந்து செய்த மருந்துக்கு 2016இலேயே வரம்புக்குட்பட்ட அனுமதி வாங்கியது. தூய அறை, உறைகுளிர்ப் பெட்டி, ஒவ்வொரு பைக்கும் ஒரு நோயாளியின் அடையாளம் என்கிற ஒழுங்கு, அதைப் புரிந்துகொண்ட கட்டுப்பாட்டு அதிகாரிகள் எல்லாம் ஊரில் உருவாகிவிட்டன. நானோ துகளுக்குச் செல் சட்டை போடுகிறவர் நாளைக்குக் கதவைத் தட்டினால் தொடங்க இடமிருக்கிறது. ஆனால் நாற்பது லட்சம் என்பதைக் கித்வாய் வாசலில் நிற்கிறவரிடம் மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேட்டுக்கொள்ள வேண்டியவை

இப்படி ஒரு கட்டுரை வந்ததும் வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘இது இப்ப எங்கே கிடைக்கும் சார்?’

செல் சவ்வு போர்த்திய நானோ மருந்தோ, எக்ஸோசோமில் ஏற்றிய மருந்தோ புற்றுநோய்க்கு இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சை அல்ல. எக்ஸோசோம் என்ற பெயரில் முகப் பளபளப்பிலிருந்து முடி வளர்ச்சி, மூட்டுவலி வரை விற்கும் கிளினிக்குகள் பெங்களூரிலும் சென்னையிலும் பெருகிவிட்டன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடும் பாதிப்பு வந்ததையடுத்து 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. புற்றுநோய் இருக்கிறவர், லைடன் சொன்னதை நினைவில் வைத்து, எந்தச் செல்லிலிருந்து எடுத்த சரக்கு என்று தெரியாத ஊசியின் பக்கமே போகக் கூடாது.

யாராவது ‘சோதனைச் சிகிச்சை, சேர்ந்துகொள்ளுங்கள்’ என்றால் பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் மருத்துவச் சோதனை எதுவும் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆய்வுக்காகக் கொடுக்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை சொல்கிறது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டுமென்கின்றன மருத்துவச் சோதனைகளுக்கான 2019 விதிகள். பதிவு எண் சொல்லத் தயங்கி, கட்டணம் மட்டும் உடனே சொல்கிற இடத்தில் நடப்பது ஆராய்ச்சியல்ல, வியாபாரம்.